படிகளை எண்ணிச் சொல்லுங்கள்

"நீங்க வண்டியிலேயே இருங்கம்மா. நாங்க ஒரு எட்டு போய்ப் பார்த்துட்டு வந்துடறோம்."

சுற்றுலாத் தலங்களின் வாகன நிறுத்தங்களில் இந்தப் பேச்சு நாள் முழுக்கக் காதில் விழும். கண்ணாடியை இறக்கிவிட்டு, மடியில் தண்ணீர் பாட்டிலோடு, போனவர்கள் வரும் திசையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் பெரியவர்களை எந்த ஊரிலும் பார்க்கலாம். முழங்கால் தேய்ந்தவர்கள், பக்கவாதத்திலிருந்து மீண்டவர்கள், இடுப்பு எலும்பு முறிந்து தேறியவர்கள், நாலு அடி வைத்தால் மூச்சு வாங்குகிறவர்கள். பயணச் செலவில் அவர்கள் பங்கும் இருக்கிறது; சில குடும்பங்களில் முழுச் செலவே அவர்களுடைய ஓய்வூதியம்தான். ஆனால் ஒரு வாரம் சுற்றிவிட்டு வீடு திரும்பும்போது அவர்கள் நினைவில் மிஞ்சுவது வாகன நிறுத்தங்கள் மட்டும்.

இதற்கு முழங்காலைக் குறை சொல்லிப் பயனில்லை. நடக்கிறவர்கள் நடக்கிறவர்களுக்காகப் பயணத் திட்டத்தைப் போட்டுவிட்டு, நடக்க முடியாதவரை அதில் கடைசியாக ஏற்றிக்கொள்கிறோம். முதலில் மாற வேண்டியது அந்த வரிசை. அதிகம் நடக்க முடியாதவரை நடுவில் வைத்துத் திட்டமிட்டால் மற்றவர்களுக்கு எதுவும் குறைந்துவிடாது என்பதை இலங்கையை வைத்துச் சொல்கிறேன்.

இலங்கையை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. வடக்கு தெற்காக ஏறத்தாழ 430 கிலோமீட்டர், கிழக்கு மேற்காக 220 கிலோமீட்டர். இந்தச் சின்னப் பரப்புக்குள் கடற்கரையும் இருக்கிறது, 1,868 மீட்டர் உயரத்தில் நுவரெலியாவும் இருக்கிறது. காலையில் கடலோரத்தில் கிளம்பினால் மாலையில் தேயிலைத் தோட்டத்துக்கு நடுவே நிற்கலாம். தார்ச் சாலை போகாத அழகும் அங்கே உண்டுதான். ஆனால் தார்ச் சாலையிலேயே கிடைக்கும் அழகு ஒரு பயணத்துக்குத் தாராளம்.

பயண நிறுவனங்கள் நீட்டும் பட்டியலில் அந்தச் சாலைகள் இருப்பதில்லை. சிகிரியா, தம்புள்ளை, எல்ல, ஹோர்ட்டன் சமவெளி என்று எல்லோரும் ஒரே வரிசையைத்தான் தருகிறார்கள். சிகிரியாக் குன்றின் உச்சிக்குச் சுமார் 1,200 படிகள். தம்புள்ளைக் குகைக் கோயிலுக்குப் பாறையிலும் படியிலும் ஏற வேண்டும். ஹோர்ட்டன் சமவெளியில் 'உலக முடிவு' என்னும் செங்குத்துப் பள்ளத்தைப் பார்த்துத் திரும்பும் நடைபாதை சுமார் 9 கிலோமீட்டர். எல்லவில் புகழ்பெற்ற ஒன்பது வளைவுப் பாலத்துக்குப் போகவும் கடைசியில் கால்தான் வேண்டும். அத்தனையும் அருமையான இடங்கள். ஆனால் இந்த வரிசையில் நடக்க முடியாதவருக்கு என்ன இருக்கிறது?

அவருக்கானதை மலையகச் சாலைகளிலிருந்து தொடங்கலாம். ஹட்டனிலிருந்து தலவாக்கலை வழியாக நுவரெலியா போகும் ஏ7 நெடுஞ்சாலையில், தலவாக்கலைக்குச் சற்று முன்னால் இரண்டு நீர்வீழ்ச்சிகள் அடுத்தடுத்து வருகின்றன. டெவன் 97 மீட்டர். சென் கிளேயர் 80 மீட்டர். இரண்டையும் சாலையோரத்திலிருந்தே பார்க்கலாம். மேல் கொத்மலை நீர்மின் திட்டம் வந்த பிறகு சென் கிளேயரில் பழைய வேகம் இல்லை. மழைக்குப் பின் போனால் ஓரளவு பழைய அழகோடு இருக்கும். இந்த அருவிகளின் அடிவாரத்துக்கு இறங்கிப் போனாலும் இவ்வளவு முழுமையாகத் தெரியாது. பள்ளத்தாக்கின் எதிர்ப்பக்கம் இருந்து பார்க்கிறபோதுதான் தேயிலைச் சரிவும் அருவியும் தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகளும் ஒரே பார்வையில் அடங்குகின்றன. அதாவது, இங்கே மிக நல்ல இடம் வண்டியில் இருப்பவருக்கே கிடைக்கிறது.

கண்டியிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் ஏ5 சாலையில் ரம்பொடை நீர்வீழ்ச்சியும் அப்படித்தான். எல்லவிலிருந்து வெல்லவாயவுக்கு இறங்கும் சாலையில் இராவணன் எல்ல, பாலத்தை ஒட்டியே விழுகிறது. கொஸ்லந்தைக்கும் வெல்லவாயவுக்கும் நடுவே 220 மீட்டர் உயரத் தியலும, கார்க் கண்ணாடி வழியே அண்ணாந்து பார்க்கும்படி நிற்கிறது. ஹோர்ட்டன் சமவெளியையும் முழுக்க விட்டுவிட வேண்டியதில்லை. 9 கிலோமீட்டர் நடக்காவிட்டாலும், சமவெளிக்கு ஏறும் பாதையும் புல்வெளியில் மேயும் கடமான்களும் வண்டியிலிருந்தே கிடைக்கும். குடும்பத்தில் இளையவர்கள் நடந்துவிட்டு வரட்டும். ஆனால் அந்த மூன்று மணி நேரம் பெரியவர் எங்கே, யாரோடு, எந்தக் கழிப்பறைக்குப் பக்கத்தில் இருக்கப்போகிறார் என்பது முதல் நாள் இரவே முடிவாகியிருக்க வேண்டும்.

மலையகத்தில் நமக்கு இன்னொரு சௌகரியம் உண்டு. 1823 முதல் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுபோகப்பட்ட தோட்டத் தொழிலாளர்களின் வழிவந்தவர்கள் ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலை எங்கும் இருக்கிறார்கள். வழியில் ஒரு நாற்காலி வேண்டும், கொஞ்சம் வெந்நீர் வேண்டும், படியில்லாத கழிப்பறை எங்கே இருக்கிறது என்றெல்லாம் தமிழிலேயே கேட்கலாம். வயதானவருக்குத் தன் தேவையைத் தானே தன் மொழியில் சொல்ல முடிவது பெரிய விடுதலை. வெளிநாட்டில் எல்லாவற்றுக்கும் பிள்ளைகளை எதிர்பார்த்தே இருக்கும் அந்தக் கூச்சம் அங்கே குறைகிறது.

நேரத்தையும் சொல்ல வேண்டும். மலையகத்தில் பிற்பகலில் மூடுபனி இறங்கிவிடும். நடக்கிறவர் பனி விலகும்வரை அங்கே இங்கே உலாவுவார். வண்டியில் இருப்பவருக்குச் சாலையிலிருந்து தெரிவதுதான் எல்லாமே. அதனால் காட்சிகள் அதிகமுள்ள சாலையைக் காலையில் வைத்துக்கொள்ள வேண்டும். பருவமும் அப்படியே. டிசம்பர் முதல் மார்ச் வரை மலையகத்துக்கும் தென்மேற்குக் கடற்கரைக்கும் நல்லது. திருகோணமலைப் பக்கம் ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை நல்லது. மழைக்காலத்தில் மலைச் சாலைகளில் மண் சரியும். வழி அடைபட்டால் வண்டிக்குள்ளேயே மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டிவரும். நடக்க முடியாதவரோடு அந்த ஆபத்தை விலைக்கு வாங்கக் கூடாது.

அடுத்து, எந்தப் பக்கம் உட்கார்வது? யாரும் யோசிக்காத விஷயம் இது. இலங்கையிலும் நம்மைப் போல வண்டி இடப்பக்கம்தான் ஓடும். ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கை இடப்பக்கம். ஒரு தீவைக் கடிகார முள் சுற்றும் திசையில் சுற்றினால் கடல் எப்போதும் இடப்பக்கம் இருக்கும். எதிர்த்திசையில் சுற்றினால் கடலுக்கும் நமக்கும் நடுவே எதிரே வரும் வண்டிகள் எல்லாம் புகுந்துவிடும். கொழும்பிலிருந்து பழைய கடற்கரைச் சாலையில் காலிக்குப் போனால் கடல் வலப்பக்கம். காலிக்கு அதிவேக நெடுஞ்சாலை வழியாகப் போய்விட்டு, திரும்பும்போது கடற்கரைச் சாலையில் வடக்கு நோக்கி வந்தால், முன் இருக்கையில் இருப்பவரின் தோளை ஒட்டியே கடல் வரும். காட்சியைவிடப் பெரிய லாபமும் இதில் உண்டு. வண்டியை இடப்பக்கம் ஓரங்கட்டினால் அப்படியே இறங்கி நிற்கலாம். லாரிகள் பறக்கும் சாலையைக் கைத்தடியோடு கடக்க வேண்டாம்.

வண்டியைப் பற்றி எந்தக் குடும்பமும் கேட்பதில்லை. வேன் என்றால் பெரியதாக இருக்கும், எல்லோரும் சேர்ந்து போகலாம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். இலங்கையில் சுற்றுலாவுக்கு வரும் உயரமான வேன்களில் முதல் படி நடக்க முடியாதவரின் முழங்கால் அளவுக்கு வந்துவிடும். தாழ்ந்த கார்களில் சிக்கல் நேர்மாறானது; உட்கார முடியும், எழ முடியாது. இருக்கை இடுப்பு உயரத்தில் இருப்பதே சரி. என் அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்தவை. அவர் ஏறும் முறையை ஒரு பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்தார். கதவை முழுக்கத் திறந்து, வண்டிக்கு முதுகைக் காட்டி நின்று, இருக்கையின் விளிம்பு தொடையில் படும்வரை பின்னால் நகர்ந்து, முதலில் உட்கார வேண்டும். அதன் பிறகு இரண்டு காலையும் சேர்த்தபடி உடம்போடு உள்ளே திருப்ப வேண்டும். இருக்கையில் ஒரு பிளாஸ்டிக் பையை விரித்துவைத்தால் உடம்பு எளிதாக வழுக்கித் திரும்பும். திரும்பிய பின் அதை உருவிவிட வேண்டும், இல்லையென்றால் பிரேக் போடும்போது ஆள் முன்னால் சரிவார். உயரமான வண்டியானால் அகலமான அடிப்பாகமுள்ள குட்டை முக்காலி ஒன்று கூடவே வர வேண்டும்.

ஏறுவதற்கு ஆகும் இந்த நேரத்தைப் பயணக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை. ஒரு நாளில் ஏழெட்டு முறை இறங்கி ஏறினால் அதுவே பெரிய உழைப்பு. நிறுத்தங்களை ஒரு நாளைக்கு மூன்று நான்குக்கு மேல் வைக்கக் கூடாது. மலைச் சாலையில் மணிக்கு 30 கிலோமீட்டர் போனாலே அதிகம். கண்டியிலிருந்து நுவரெலியா சுமார் 75 கிலோமீட்டர்தான், ஆனால் மூன்று மணி நேரம் ஒதுக்க வேண்டும். மடக்கிய முழங்கால் ஒரு மணி நேரத்தில் இறுகிவிடும்; காலை நீட்டி மடக்க, ஒரு நிமிடம் நிற்க, வண்டி நின்றாக வேண்டும். ஒவ்வொரு ஊரிலும் குறைந்தது இரண்டு இரவு தங்க வேண்டும். தினம் ஒரு ஊர், தினம் ஒரு புதுக் கட்டில், தினம் ஒரு வழுக்கும் குளியலறை என்றால் மூன்றாம் நாளே உடம்பு மறுத்துவிடும்.

இலங்கையில் வண்டியை நாமே ஓட்ட, நம் ஊர் உரிமம் மட்டும் போதாது. உள்ளூர் அனுமதியும் வேண்டும். என்னைக் கேட்டால், ஓட்டுநரோடு வண்டி எடுப்பதே நல்லது. சிக்கனத்துக்காகச் சொல்லவில்லை. பெரியவரை இறக்கிவிட வாசல்வரை வந்து, பிறகு வண்டியை நிறுத்தப் போகிற ஒருவர் இருந்தால், கைகொடுக்கப் பிள்ளைகளின் கை காலியாக இருக்கும். ஓட்டுநரிடம் முதல் நாளே உட்கார்ந்து பேச வேண்டும். எவ்வளவு தூரம் நடக்க முடியும், எத்தனை படி ஏற முடியும், எத்தனை நேரத்துக்கு ஒருமுறை நிறுத்த வேண்டும் என்று எண்ணிக்கையாகச் சொல்ல வேண்டும். 'கொஞ்சம் நடப்பாங்க' என்றால் அவர் புரிந்துகொள்வது வேறாக இருக்கும். இந்தப் பேச்சைப் பெரியவரே பேச வேண்டும் என்பேன். அவர் உடம்பைப் பற்றிப் பிள்ளைகள் அவர் தலைக்கு மேலே பேசிக்கொள்வதைவிட அவமானம் வேறில்லை.

விடுதியிடம் 'தரைத்தளம் இருக்கிறதா' என்று கேட்பதோடு நின்றுவிடக் கூடாது. நுவரெலியாவிலும் எல்லவிலும் விடுதிகள் சரிவில் கட்டப்பட்டவை. வரவேற்பறை சாலை மட்டத்தில் இருக்கும். அறை அதற்கு இரண்டு அடுக்கு கீழே பள்ளத்தாக்கைப் பார்த்தபடி இருக்கும். அதையும் தரைத்தளம் என்றே சொல்வார்கள், பொய்யும் இல்லை. வண்டி நிற்கும் இடத்திலிருந்து கட்டில்வரை எத்தனை படி, கைப்பிடி எந்தப் பக்கம், குளியலறை வாசலில் தடுப்பு உண்டா, கழிப்பறைக்குப் பக்கத்துச் சுவரில் பிடித்து எழ ஏதேனும் இருக்கிறதா என்று கேட்டு, கைபேசியில் படம் அனுப்பச் சொல்ல வேண்டும். உள்ளே நடந்து படமெடுத்து அனுப்பும் விடுதியை நம்பலாம். 'எல்லாம் வசதியா இருக்கும் சார்' என்று மட்டும் சொல்லும் இடத்தை விட்டுவிடுவது நல்லது.

தமிழ்ப் பயணிகள் தெற்கோடு நின்றுவிடுகிறார்கள் என்பது என் வருத்தம். வண்டியில் இருந்தபடி பார்ப்பதற்கு வடக்கைப் போல ஒரு நிலம் அரிது. யாழ்ப்பாணத்தில் பண்ணைப் பாலத்தைத் தாண்டினால் தீவகம். மண்டைதீவு, வேலணை, புங்குடுதீவு என்று ஒவ்வொரு தீவையும் தாம்போதிகள் இணைக்கின்றன. கடலுக்குள் கல்லும் மண்ணும் கொட்டி எழுப்பிய அந்தச் சாலைகளில் போகும்போது இரண்டு பக்கமும் முழங்கால் ஆழத் தண்ணீர். கம்பு நட்டுக் கட்டிய வலைகள் வளைந்து வளைந்து போகும். சற்றுத் தள்ளி இடுப்பளவு தண்ணீரில் ஒருவர் வலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருப்பார். கம்புக்கு ஒன்றாகக் கடற்காகங்கள். சாலை தண்ணீருக்கு ஒரு ஆள் உயரம்கூட மேலே இல்லாததால், காருக்குள் இருப்பவர் கண்ணுக்கு நேராகக் கடல் கிடக்கிறது. அம்மா அங்கே கண்ணாடியை இறக்கச் சொன்னார். "மலையில ஏறினாத்தான் மலை தெரியும்பீங்க. இங்க எல்லாருக்கும் ஒரே உயரம்தான்" என்றார். அதன் பிறகு குறிகட்டுவான் துறைவரை அவர் பேசவேயில்லை; பார்த்துக்கொண்டே வந்தார்.

குறிகட்டுவானில் சாலை முடிகிறது. அங்கிருந்து நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலுக்குப் படகு. அலையில் ஆடும் படகுக்குள் இறங்குவதும் மறுகரையில் ஏறுவதும் கால் உறுதியில்லாதவருக்கு நிஜமான ஆபத்து. துறையிலிருந்தே கும்பிட்டுவிட்டுத் திரும்ப நேரலாம் என்று முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டால் ஏமாற்றம் குறையும். ஆனையிறவில் கடல்நீரேரியைக் கடக்கும் ஏ9 நெடுஞ்சாலையும், குளிர்காலத்தில் பூநாரைகள் இறங்கும் மன்னார்த் தாம்போதியும் இதே வகைதான்.

போய்ச் சேரும் வழியையும் பார்க்க வேண்டும். சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலிக்குப் பறப்பவை ஏ.டி.ஆர். ரகச் சிறிய விமானங்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் படி உண்டு. சக்கர நாற்காலி மட்டும் கேட்டால் அது படிக்கட்டின் அடிவரைதான் வரும். படி ஏற முடியாது என்பதைப் பயணச்சீட்டு எடுக்கும்போதே தனியாகச் சொல்லிப் பதிவுசெய்ய வேண்டும். 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் தொடங்கியது. அதில் போக நினைப்பவர்கள் ஏறுபாலத்தின் சரிவைப் பற்றி இதே கேள்விகளைக் கேட்க வேண்டும்.

வரலாற்றுத் தலங்களிலும் தேர்ந்தெடுக்க இடமிருக்கிறது. பொலன்னறுவையின் இடிபாடுகள் பரந்து கிடந்தாலும் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வண்டியில் போகலாம். சோழர் காலத்தில் எழுந்த வானவன் மாதேவி ஈஸ்வரம் அங்கே சமதளத்தில் முழுக் கற்றளியாக நிற்கிறது, சுவரில் தமிழ்க் கல்வெட்டுகளோடு. சிகிரியா உச்சிக்குப் போகாதவர்களுக்கு, அடிவாரத்தில் நல்ல அருங்காட்சியகம் இருக்கிறது. பேராதனைத் தாவரவியல் பூங்காவின் 147 ஏக்கரும் மகாவலி வளைந்தோடும் சமநிலத்தில் அமைந்தவை. அகலமான பாதைகளில் சக்கர நாற்காலி தாராளமாக உருளும்.

குடும்பம் செய்ய வேண்டியது இவ்வளவு. அரசுகள் செய்ய வேண்டியது இதைவிட எளிது என்று நினைக்கிறேன்.

இலங்கையில் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 1996-லேயே வந்தது. பொதுக் கட்டடங்களில் அவர்கள் தடையின்றிப் புழங்குவதற்கான விதிகள் 2006-ல் வந்தன. அவை காகிதத்தில் இருந்தபோது உச்ச நீதிமன்றத்துக்குப் போனவர் அஜித் பெரேரா. 1992-ல் அவர் போய்க்கொண்டிருந்த கார் மீது சாலையோர மரம் விழுந்து, சக்கர நாற்காலியில் வாழ வேண்டியவரானார். அவர் தொடுத்த வழக்கில்தான், புதிய பொதுக் கட்டடங்கள் அந்த விதிகளைப் பின்பற்றியே ஆக வேண்டும் என்று உத்தரவு வந்தது. 2020-ல் இறக்கும்வரை இதே பணியில் இருந்தார். நம் நாட்டில் 2016-ல் மாற்றுத்திறனாளிகளுக்கான புதிய சட்டம் வந்தது. சென்னை மெரினாவில் 2022 நவம்பரில் கடலருகே வரை மரப்பாதை போட்டார்கள். அதுவரை கடலைத் தொலைவிலிருந்து பார்த்தவர்கள் முதல்முறையாக அலைக்குப் பக்கத்தில் வந்தார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் அது சேதமாகி, பிறகு சீரமைக்கப்பட்டது.

எல்லா மலைக்கும் சாலை, எல்லாக் குன்றுக்கும் மின்தூக்கி என்று கேட்கவில்லை. சிகிரியாவைத் துளைத்து லிஃப்ட் வைத்தால் நானே எதிர்ப்பேன். ஒரு சாலை என்ன செய்யும் என்பதை மட்டும் தனுஷ்கோடியில் பார்க்கலாம். 1964 புயலுக்குப் பின் அரை நூற்றாண்டுக்கு மேலாக மணலில் குலுங்கும் வண்டிகளில்தான் அங்கே போக முடிந்தது. 2017-ல் அரிச்சல்முனைவரை சாலை திறந்த பிறகு, வாழ்நாளில் அந்த முனையைப் பார்ப்போம் என்று நினைத்திராத வயதானவர்கள் கார்க் கதவைத் திறந்ததும் இரண்டு கடலையும் பார்க்கிறார்கள்.

நான் கேட்பது தகவல். பழனிக்கு 693 படி, திருத்தணிக்கு 365, சோளிங்கருக்கு 1,305 என்று நம் வீட்டுப் பெரியவர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். எத்தனை படி என்று தெரிந்ததால்தான் ஏறலாமா, டோலியா, ரோப் காரா என்று அவர்களாகவே முடிவெடுத்தார்கள். சுற்றுலாத் துறைகளின் பலகைகளிலும் இணையப் பக்கங்களிலும் இந்த எண்ணிக்கையைத் தேடிப் பாருங்கள். அருவியின் உயரம் இருக்கும், மன்னனின் ஆட்சிக் காலம் இருக்கும். வாகன நிறுத்தத்திலிருந்து எத்தனை மீட்டர், எத்தனை படி, கைப்பிடி உண்டா, பாதை கல்லா மணலா, வழியில் உட்கார இடம் உண்டா, மேற்கத்தியக் கழிப்பறை எங்கே என்பது இருக்காது. ஒரு ஊழியர் அளவு நாடாவோடு ஒரு நாள் நடந்தால் ஒரு தலத்துக்கு இந்த விவரம் முழுதாகக் கிடைத்துவிடும். இதற்குப் பெரிய நிதி வேண்டாம், புதுச் சட்டம் வேண்டாம்.

காட்சி முனைகளிலும் இப்படித்தான். சமதளமாக இரண்டு வண்டி நிற்க ஒரு இடம், முதுகு சாய்த்து உட்கார ஒரு பெஞ்சு, பிடித்துக்கொள்ள ஒரு கம்பி. உட்கார்ந்திருப்பவரின் கண்மட்டத்தில் தடுப்புச் சுவர் எழுப்பி அருவியை மறைக்காமல் இருந்தால் அதுவே பாதி வசதி. சுவரின் மேல்பாதியைக் கம்பியாக வைக்க எந்தப் பொறியாளருக்கும் தெரியும். இலங்கையின் ஏ7 சாலையிலும் நம் கொடைக்கானல், ஏற்காடு மலைப்பாதைகளிலும் அடுத்த பருவம் தொடங்குவதற்குள் இதைச் செய்துவிடலாம். முதல் பலகையை எந்த இடத்தில் நடுவது என்று தயக்கமிருந்தால், வாகன நிறுத்தத்தில் கண்ணாடியை இறக்கிவிட்டு உட்கார்ந்திருப்பவர்களிடமே அதிகாரிகள் போய்க் கேட்கலாம்.